ஓரியூரில் தலை கொடுத்த அருளானந்தர்

அரண்மனையில் வளர்ந்த பிள்ளை அவர். அரசகுமாரனோடு கூடி விளையாடியவர். பட்டும் பதவியும் அவருக்காகக் காத்திருந்தன. அவற்றை வேண்டாம் என்று தள்ளினார். காவி உடுத்தினார். கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தார். மறவர் சீமையில் மரண தண்டனை பெற்றார்.

அவரை யாரும் கட்டாயப்படுத்தி இங்கே அனுப்பவில்லை. அவராகவே வந்தார். ஒரு தடவை சாவில் இருந்து தப்பினார். தாய்நாடு போய்ச் சேர்ந்தார். அங்கேயே இருந்துவிடும்படி அரசரே கேட்டுக்கொண்டார். ஆனாலும் திரும்பி வந்தார். வந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தார்.

அவர் பெயர் ஜான் டி பிரிட்டோ. தமிழ் மக்கள் அவருக்கு வைத்த பெயர் அருளானந்தர்.

லிஸ்பன் நகரில்

போர்ச்சுகல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன். அந்த நகரில் 1647ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ந் தேதி அருளானந்தர் பிறந்தார். பெரிய பிரபு குடும்பம். தந்தையின் பெயர் சல்வதோர் டி பிரிட்டோ.

அந்தக் காலத்தில் பிரேசில் நாடு போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. அங்கே ஆட்சி செய்யத் தந்தையை அரசர் அனுப்பினார். போன இடத்திலேயே தந்தை இறந்துபோனார். அப்பொழுது அருளானந்தர் சின்னஞ்சிறு குழந்தை.

தாய் பியாத்ரிஸ் அம்மையார்தான் பிள்ளைகளை வளர்த்தார். அவர் தெய்வ பக்தி மிகுந்தவர்.

பிரபு வீட்டுப் பிள்ளைகள் அரண்மனையில் இருந்து பணிவிடை பழகுவது அந்த நாட்டு வழக்கம். அருளானந்தரும் சிறு வயதில் அரண்மனைக்குப் போனார். அங்கே பெட்ரோ என்ற அரசகுமாரர் இருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவரும் தோழர்கள் ஆனார்கள். இந்தப் பெட்ரோதான் பிற்காலத்தில் போர்ச்சுகல் நாட்டின் அரசர் ஆனார்.

தாயின் நேர்த்திக்கடன்

அரண்மனையில் இருந்தபொழுது சிறுவனுக்குக் கடுமையான நோய் வந்தது. வைத்தியர்கள் கைவிட்டார்கள்.

தாய் தவித்தார். புனித சவேரியாரை நினைத்து வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால், சவேரியார் உடுத்திய அங்கியைப் போல ஓர் அங்கி தைத்து, ஓர் ஆண்டு காலம் பிள்ளைக்கு உடுத்துவதாக நேர்ந்துகொண்டார்.

சவேரியார் தமிழ் மக்களுக்குத் தெரிந்தவர்தான். 1542ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தவர். தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை முத்துக்குளிக்கும் கடற்கரை ஊர்களில் நடந்து நடந்து மதத் தொண்டு செய்தவர். அவர் இயேசு சபையைச் சேர்ந்தவர்.

பிள்ளை பிழைத்தது. தாய் நேர்த்திக்கடனைச் செலுத்தினார். பட்டு உடுத்திய அரண்மனைப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு சிறுவன் மட்டும் கருப்பு அங்கியோடு நடந்தான். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். சிறுவன் கோபம் கொள்ளவில்லை.

ஓர் ஆண்டு முடிந்தது. அங்கியைக் கழற்றினார்கள். ஆனால் சவேரியாரின் நினைவு சிறுவன் மனதை விட்டுப் போகவில்லை.

தானே எடுத்த முடிவு

நேர்த்திக்கடன் தாய் செய்த முடிவு. அதில் சிறுவனுக்குப் பங்கு இல்லை. அடுத்த முடிவை அவரே செய்தார்.

1662ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இயேசு சபையில் சேர்ந்தார். அப்பொழுது வயது 15. அரசகுமாரர் வருத்தப்பட்டார். அரண்மனையில் பலர் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை.

எவோரா, கோயிம்பிரா என்ற நகரங்களில் படித்தார். உடம்பு பலவீனம். அடிக்கடி நோயில் விழுந்தார். ஆனால் படிப்பில் கெட்டிக்காரர். நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்தார். போர்ச்சுகலிலேயே இருந்தால் பெரிய கல்லூரியில் பெரிய பதவி கிடைத்திருக்கும்.

அவர் மனம் இந்தியாவிலேயே இருந்தது. இந்தியாவுக்கு அனுப்பும்படி மேலதிகாரிகளை வேண்டினார். அனுமதி கிடைத்தது. 1673ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டு கப்பல் ஏற ஆயத்தம் ஆனார்.

தாயின் கண்ணீர்

செய்தி கேட்டுத் தாய் துடித்தார்.

கணவர் கடல் தாண்டிப் போனார். திரும்பவில்லை. இப்பொழுது மகனும் கடல் தாண்டிப் போகிறான். எந்தத் தாய் தாங்குவாள்?

லிஸ்பனில் போப்பாண்டவரின் தூதர் இருந்தார். அம்மையார் அவரிடம் போய் முறையிட்டார். மகன் பயணத்தை நிறுத்தும்படி கேட்டார். தூதரும் முயன்று பார்த்தார். அருளானந்தர் பணிவோடு மறுத்துவிட்டார். கடவுள் அழைத்த பிறகு மனிதருக்காக நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

தாயிடம் அவருக்கு அன்பு இல்லாமல் இல்லை. கடைசி வரை தாய்க்குக் கடிதம் எழுதிய மகன் அவர். ஆனால் தன் வாழ்வு எந்த வழியில் போக வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார். அந்த முடிவுக்கு உரிய வேதனையையும் தானே தாங்கிக்கொண்டார்.

கப்பலில் காய்ச்சல் பரவியது. நோயாளிகளுக்கு அவர் பணிவிடை செய்தார். செப்டம்பர் மாதம் கப்பல் கோவா வந்து சேர்ந்தது.

காவி உடை

கோவாவில் சில மாதம் தங்கினார். பிறகு கேரளம் வந்தார். 1674ஆம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலையைக் கால்நடையாகக் கடந்து தமிழ்நாட்டுக்குள் வந்தார்.

அப்பொழுது தமிழ்நாட்டின் உள்பகுதியில் இயேசு சபையார் செய்து வந்த பணிக்கு மதுரை மிஷன் என்று பெயர். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி அதைத் தொடங்கினார். இந்த நாட்டு மக்களோடு பழக வேண்டும் என்றால் இந்த நாட்டு மக்களைப் போலவே வாழ வேண்டும் என்பது நொபிலியின் கொள்கை. அவர் சந்நியாசி போல வாழ்ந்தார். தமிழில் நூல்கள் எழுதினார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார்.

அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் பண்டாரச் சாமிகள் போல உடை உடுத்தினார்கள். பண்டாரச் சாமிகள் எல்லாச் சாதி மக்களோடும் பழகலாம். ஏழைகளின் குடிசைக்கும் போகலாம். அருளானந்தர் அந்த வழியைத் தேர்ந்துகொண்டார்.

காவி உடுத்தினார். தலையில் பாகை கட்டினார். கையில் கோல் பிடித்தார். மாமிசத்தைத் தொடவில்லை. மதுவைத் தொடவில்லை. ஒரு வேளை சோறும் காய்கறியும் அவருக்குப் போதும். தரையில் படுத்து உறங்கினார்.

தமிழை நன்றாகக் கற்றார். பிரிட்டோ என்ற பெயர் மக்கள் வாயில் நுழையவில்லை. அருளானந்தர் என்ற பெயர் நிலைத்தது.

ஊர் ஊராக

அந்தக் காலம் அமைதியான காலம் அல்ல. மதுரை நாயக்கருக்கும் தஞ்சை நாயக்கருக்கும் சண்டை. தஞ்சாவூர் மராட்டியர் கைக்குப் போனது. 1677ஆம் ஆண்டு சிவாஜி மன்னர் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். போகும் படையும் வரும் படையும் வயல்களை மிதித்தன. பஞ்சம் வந்தது. வெள்ளம் வந்தது.

இத்தனைக்கும் நடுவில் அருளானந்தர் நடந்தார். தஞ்சை, செஞ்சி, திருச்சி என்று ஊர் ஊராகப் போனார். பகலில் காட்டில் ஒளிந்திருப்பார். இரவில் மக்கள் கூடுவார்கள். உபதேசம் செய்வார். ஞானஸ்நானம் கொடுப்பார்.

சில ஊர்களில் அன்பாக வரவேற்றார்கள். சில ஊர்களில் அடித்து விரட்டினார்கள். இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டார். மதுரை மிஷனுக்கே அவர் தலைவரும் ஆனார்.

சேதுபதி சீமை

ராமநாதபுரம் அப்பொழுது தனி அரசு. ராமேசுவரத்துக்குப் போகும் சேது வழியைக் காப்பவர் என்பதால் அரசருக்குச் சேதுபதி என்று பட்டம்.

அந்த நாளில் ஆண்டவர் கிழவன் சேதுபதி. ரகுநாதத் தேவர் என்பது அவர் பெயர். மகா வீரர். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர். ராமநாதபுரத்தில் கோட்டை கட்டியவர். கோயில்களுக்கு அள்ளிக் கொடுத்தவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருக்கு நெருங்கிய நண்பர். ஆகவே மதவெறி பிடித்தவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது.

ஆனால் அரசர் என்ற முறையில் அவருக்குப் பல கவலைகள். கடற்கரையில் முதலில் போர்ச்சுகீசியர் பலமாக இருந்தார்கள். 1658ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். வெளிநாட்டார் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டிய நிலை. ஏற்கெனவே 1549ஆம் ஆண்டு, மண்டபத்துக்கு அருகில் உள்ள வேதாளையில் நடந்த சண்டையில் கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு கொல்லப்பட்டிருந்தார்.

இப்படிப்பட்ட நாட்டுக்குள் 1686ஆம் ஆண்டு அருளானந்தர் நுழைந்தார்.

மங்கலத்தில் பிடிபட்டார்

மறவர் சீமையில் ஏராளமான மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். இரண்டு மாதங்கள்தான் கழிந்தன. ஜூலை மாதம் மங்கலம் என்ற ஊரில் சேதுபதியின் அதிகாரி குமாரப் பிள்ளை அவரைப் பிடித்தார். கூட இருந்த உபதேசியார்களும் பிடிபட்டார்கள்.

சிவனைக் கும்பிடும்படி கட்டளை இட்டார்கள். மறுத்தார்கள். உடனே சித்திரவதை தொடங்கியது.

கயிற்றில் கட்டிக் குளத்தில் முக்கினார்கள். மூச்சு முட்டும் நேரத்தில் மேலே தூக்கினார்கள். மறுபடியும் முக்கினார்கள். சாட்டையால் அடித்தார்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கரடுமுரடான பாறையில் கிடத்தி, மேலே ஏறி மிதித்தார்கள்.

ஒருவரும் பணியவில்லை. கை கால்களை வெட்டிக் கழுவில் ஏற்றத் தீர்ப்பு ஆயிற்று. சேதுபதியின் உத்தரவு ஒன்றுதான் பாக்கி.

சேதுபதியின் விசாரணை

சேதுபதி அவர்களை ராமநாதபுரத்துக்கு வரவழைத்தார். தாமே விசாரித்தார். அருளானந்தர் தம் மதத்தின் கொள்கைகளையும் பத்துக் கட்டளைகளையும் எடுத்துச் சொன்னார். அரசர் பொறுமையாகக் கேட்டார்.

அருளானந்தர் சொன்னதில் குற்றம் எதுவும் அரசருக்குப் படவில்லை. உயிரை விட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் தம் நாட்டில் உபதேசம் செய்யக்கூடாது. செய்தால் தலை போகும்.

அருளானந்தர் விடுதலை ஆனார். உடம்பெல்லாம் தழும்பு.

அரண்மனை மறுபடி அழைத்தது

மதுரை மிஷனின் நிலையை ஐரோப்பாவில் எடுத்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டது. அருளானந்தரை அனுப்பினார்கள். 1687ஆம் ஆண்டு அவர் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார்.

ஊர் திரண்டு வந்து பார்த்தது. பட்டு உடுத்திப் பார்த்த பிரபு வீட்டுப் பிள்ளையா இவர்? வெயிலில் கறுத்த முகம். மெலிந்த உடம்பு. அங்கேயும் அவர் மாமிசம் உண்ணவில்லை. தரையில்தான் படுத்தார்.

பழைய தோழர் பெட்ரோ இப்பொழுது அரசர். அவர் அருளானந்தரை அன்போடு வரவேற்றார். இனி இந்தியாவுக்குப் போக வேண்டாம் என்றார். தம் மகனுக்கு ஆசிரியராக இருக்கும்படி கேட்டார். வயதான தாயும் அருகில் இருந்தார்.

சாவு எங்கே இருக்கிறது என்று அருளானந்தருக்குத் தெரியும். சுகம் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். இரண்டும் அவர் கண் முன்னால் நின்றன. அவர் எதைத் தேர்ந்தாலும் குறை சொல்ல ஆள் இல்லை. லிஸ்பனில் தங்கி இருந்தால்கூட உலகம் அவரைப் பெரியவர் என்றே போற்றி இருக்கும்.

மறவர் சீமையில் அவர் ஞானஸ்நானம் கொடுத்த மக்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் குரு இல்லை. அவரோடு அடிபட்ட உபதேசியார்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்குப் போக லிஸ்பன் இல்லை.

1690ஆம் ஆண்டு அருளானந்தர் மறுபடியும் கப்பல் ஏறினார். தாயை அவர் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

தடியத் தேவர்

திரும்பி வந்த அருளானந்தர் மறவர் நாட்டு எல்லைப் பக்கம் முனி என்ற ஊரில் தங்கினார். சிறு குடிசையும் கோயிலும் கட்டினார். மக்கள் தேடி வந்தார்கள்.

அந்த வட்டாரத்தில் சிறுவல்லி என்று ஒரு பாளையம். அதன் தலைவர் தடியத் தேவர். அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். சேதுபதிப் பட்டத்துக்குத் தமக்கும் உரிமை உண்டு என்று எண்ணியவர்.

அவருக்குத் தீராத நோய் வந்தது. எத்தனையோ மருந்து சாப்பிட்டார். பலன் இல்லை. ஓர் உபதேசியார் வந்து வேதம் வாசித்து ஜெபித்தார். தடியத் தேவர் எழுந்து உட்கார்ந்தார். ஜெபத்தினால்தான் நோய் தீர்ந்தது என்று உறுதியாக நம்பினார். தம்மைக் கிறிஸ்தவர் ஆக்கும்படி அருளானந்தரை வேண்டினார்.

வேறு ஒருவராக இருந்தால் மகிழ்ச்சியோடு உடனே ஞானஸ்நானம் கொடுத்திருப்பார். ஒரு பாளையத் தலைவரே கேட்கிறார். அவர் தயவு கிடைத்தால் எத்தனையோ வசதி.

அருளானந்தர் அவசரப்படவில்லை. அந்த மதத்தின் நிபந்தனையை மறைக்காமல் எடுத்துச் சொன்னார். தடியத் தேவருக்குப் பல மனைவியர். கிறிஸ்தவ முறைப்படி ஒருவருக்கு ஒரு மனைவிதான். அதற்குச் சம்மதம் இருந்தால்தான் ஞானஸ்நானம் என்றார். முடிவைத் தடியத் தேவரிடமே விட்டார்.

வயது வந்த ஒருவர் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றால் அவர் மனம் ஒப்ப வேண்டும். இது திருச்சபையின் சட்டம். பயத்தாலோ பணத்தாலோ வருவது விசுவாசம் ஆகாது. மனிதனுக்குக் கடவுள் சுதந்திரம் கொடுத்திருக்கிறார். கடவுளை ஏற்கவும் அந்தச் சுதந்திரம் உண்டு. மறுக்கவும் உண்டு. கிறிஸ்தவர்களின் போதனை இது.

தடியத் தேவர் யோசித்தார். சம்மதித்தார். மனைவியரை அழைத்தார். முதல் மனைவியோடு மட்டும் இனி வாழப் போவதாகச் சொன்னார். மற்றவர்களைச் சகோதரிகளாக நினைத்து, குறை இல்லாமல் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்தார்.

1693ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6ந் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள். அன்று தடியத் தேவர் ஞானஸ்நானம் பெற்றார்.

கடலாயியின் துயரம்

மனைவியரில் இளையவர் கடலாயி. அவர் சேதுபதியின் உறவுப் பெண்.

அவருடைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஊர் அறியக் கல்யாணம் செய்து வந்தவர். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. கணவர் ஒரு முடிவு செய்தார். அந்த முடிவு அவருடைய வாழ்வைப் புரட்டிப் போட்டது. இனி நீ மனைவி இல்லை, சகோதரி என்றால் எந்தப் பெண்ணின் மனம் ஆறும்? சோறும் துணியும் அந்தக் காயத்துக்கு மருந்து ஆகுமா?

ஒருவர் சுதந்திரமாகச் செய்யும் முடிவு இன்னொருவர் தலையிலும் விழுகிறது. தடியத் தேவர் தேர்ந்துகொண்டார். கடலாயிக்குத் தேர்ந்துகொள்ள எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி சேதுபதியிடம் போய் அழுவதுதான். அழுதுகொண்டே ராமநாதபுரம் போனார்.

சேதுபதியின் பயம்

கிழவன் சேதுபதிக்குக் கோபம் பொங்கியது. தம் குடும்பப் பெண்ணுக்கு அவமானம் நேர்ந்துவிட்டது. தாம் போட்ட தடையையும் ஒரு பண்டாரச் சாமி மீறிவிட்டார்.

இவற்றைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. தடியத் தேவர் பட்டத்துக்குப் போட்டியாளர். கிறிஸ்தவர்கள் எல்லாரும் அவர் பின்னால் திரண்டால் என்ன ஆகும்? சிம்மாசனம் ஆடும்.

தடியத் தேவரைத் தொட்டால் நாட்டில் கலகம் வரலாம். சாமியாரைத் தொட்டால் கேட்க யாரும் இல்லை. உடனே ஆட்களை அனுப்பினார்.

ஜனவரி 8ந் தேதி முனியில் அருளானந்தர் பிடிபட்டார். அவரோடு ஒரு பிராமணக் கிறிஸ்தவரும் இரண்டு இளைஞர்களும் பிடிபட்டார்கள். குதிரைகளுக்குப் பின்னால் கட்டி நடத்தினார்கள். காலில் ரத்தம் வழிந்தது. மூன்று நாளில் ராமநாதபுரம் வந்து சேர்ந்தார்கள்.

தடியத் தேவர் ஓடி வந்தார். குருவை விடும்படி அரசரிடம் மன்றாடினார். கிறிஸ்தவ மதத்தை விட்டுவிடும்படி அரசர் கட்டளை இட்டார். தடியத் தேவர் மறுத்தார்.

அருளானந்தரை ராமநாதபுரத்தில் வைத்துக் கொன்றால் தடியத் தேவரின் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள். சேதுபதி ஒரு வழி கண்டுபிடித்தார். நாடு கடத்துவதாக வெளியில் சொன்னார். ஓரியூரில் இருந்த தம் சகோதரர் உடையத் தேவரிடம் அனுப்பினார். கொன்றுவிடும்படி ரகசிய உத்தரவும் போயிற்று.

ஓரியூர்

ஓரியூர் திருவாடானை வட்டாரத்தில், பாம்பாற்றங்கரையில் உள்ள ஊர். தொண்டித் துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிறது. ஜனவரி மாத இறுதியில் அருளானந்தரை அங்கே கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் ராமநாதபுரம் சிறையில் இருந்தார்கள். இவர் மட்டும் தனியாக வந்தார்.

உடையத் தேவர் நோயாளி. தம் நோயைத் தீர்க்கும்படி அவர் அருளானந்தரைக் கேட்டார். தீர்த்தால் உயிர் தப்பலாம்.

மந்திரம் தந்திரம் தமக்குத் தெரியாது என்று அருளானந்தர் சொல்லிவிட்டார். நோயைத் தீர்ப்பவர் கடவுள் ஒருவரே என்றார். பொய் சொல்லி உயிர் பிழைக்க அவர் விரும்பவில்லை.

கரியில் எழுதிய கடிதம்

சிறையில் எழுதுகோல் இல்லை. மையும் இல்லை. அருளானந்தர் கரியைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்தார். வைக்கோல் துரும்பை எழுதுகோலாகப் பிடித்தார். பிப்ரவரி 3ந் தேதி தம் சபையாருக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தில் புலம்பல் இல்லை. தம்மைப் பிடித்தவர்கள் மேல் ஒரு வசை இல்லை. நடந்தவற்றைச் சொன்னார். மரணத்தை மகிழ்ச்சியோடு எதிர்பார்ப்பதாக எழுதினார். இதற்காகத்தான் இரண்டு தடவை கடல் கடந்து வந்ததாகவும் தெரிவித்தார்.

கடைசி நாள்

1693ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 4ந் தேதி. புதன்கிழமை. அன்று விபூதிப் புதன். மனிதன் மண் என்பதை நினைக்கும்படி கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் நாள்.

அருளானந்தரை ஆற்றங்கரை மேட்டுக்கு நடத்திப் போனார்கள். அவர் வேகமாக நடந்தார். மக்கள் கூட்டம் பின்னால் வந்தது.

மேட்டில் மண்டியிட்டார். சிறிது நேரம் ஜெபம் செய்தார். எழுந்தார். தம்மை வெட்ட வந்தவனைக் கட்டித் தழுவிக்கொண்டார். கடமையைச் செய்யும்படி சொன்னார்.

அவர் கழுத்தில் ஒரு சிறு பேழை தொங்கியது. புனிதப் பொருள் வைத்தது. அதில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று வெட்டுகிறவன் பயந்தான். தொட அஞ்சினான். கத்தியால் கயிற்றை அறுத்தான். அந்த வீச்சில் உடம்பிலும் காயம் பட்டது. பிறகு தலையை வெட்டினான்.

கைகளையும் கால்களையும் வெட்டினார்கள். உடலைக் கழுமரத்தில் மாட்டினார்கள். பறவைகளும் நரிகளும் தின்றன. எஞ்சிய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் ரகசியமாகச் சேகரித்தார்கள்.

அப்பொழுது அருளானந்தருக்கு 46 வயது நிறைய இன்னும் ஒரு மாதமே இருந்தது.

நித்திய வாழ்வு

இத்தனை துணிவு எங்கே இருந்து வந்தது?

மனிதனுக்கு உடல் உண்டு, ஆத்துமா உண்டு என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். உடல் அழியும். ஆத்துமா அழியாது. இயேசுநாதர் சிலுவையில் இறந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தார் என்பது அவர்கள் விசுவாசம். அவரை நம்பி அவர் வழி நடப்பவர்களும் உயிர்ப்பார்கள், கடவுளோடு என்றும் வாழ்வார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. இதைத்தான் நித்திய வாழ்வு என்கிறார்கள்.

அருளானந்தர் இதை ஊருக்கு மட்டும் சொல்லவில்லை. தாமே நம்பினார். ஆகவே சாவு அவருக்கு ஒரு வாசலாகத் தெரிந்தது.

ஆனால் சாவைத் தானாகத் தேடிக்கொள்ளக் கிறிஸ்தவர்களுக்கு உரிமை இல்லை. தற்கொலை பாவம். அருளானந்தர் பல ஆண்டுகள் காட்டில் ஒளிந்து உயிரைக் காத்தவர். வீணாக உயிரை விட அவர் நினைக்கவில்லை. உயிரா, விசுவாசமா என்ற கேள்வி வந்தபொழுது விசுவாசத்தைத் தேர்ந்துகொண்டார். அந்தத் தேர்வை லிஸ்பன் அரண்மனையிலேயே செய்துவிட்டார். ஓரியூரில் அதை நிறைவேற்றினார்.

தாய்க்குச் செய்தி

செய்தி கடல் கடந்து லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. மகன் போகக்கூடாது என்று அன்று அழுத தாய் உயிரோடு இருந்தார்.

அவர் துக்க உடை உடுத்தவில்லை. திருவிழாவுக்கு உடுத்தும் நல்ல உடை உடுத்தினார். அரண்மனைக்கு வந்தார். அரசர் அவருக்குப் பெரிய மரியாதை செய்தார்.

20 ஆண்டுகளுக்கு முன்பு மகனின் முடிவை அந்தத் தாய் எதிர்த்தார். இப்பொழுது அதைத் தம் முடிவாகவும் ஏற்றுக்கொண்டார்.

புனிதர் பட்டம்

பல ஆண்டுகள் ரோமாபுரியில் விசாரணை நடந்தது. காவி உடுத்தியதும் இந்த நாட்டுப் பழக்கங்களைக் கைக்கொண்டதும் சரியா என்ற கேள்விகூட எழுந்தது. அது தடை ஆகாது என்று 1741ஆம் ஆண்டு தீர்ப்பு ஆயிற்று.

1853ஆம் ஆண்டு போப்பாண்டவர் 9ஆம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1947ஆம் ஆண்டு ஜூன் 22ந் தேதி போப்பாண்டவர் 12ஆம் பத்திநாதர் புனிதர் பட்டம் அளித்தார். இந்தியா சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம் அது.

செம்மண் பூமி

அருளானந்தரின் ரத்தம் சிந்திய இடத்தில் மண் சிவந்திருக்கிறது. அவருடைய ரத்தத்தால்தான் சிவந்தது என்று மக்கள் நம்புகிறார்கள். அந்த மண்ணைப் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். நோய்க்கு மருந்தாகப் பூசுகிறார்கள்.

பிப்ரவரி மாதம் 4ந் தேதி அவர் திருநாள். கிறிஸ்தவர்கள் மட்டும் வருவது இல்லை. மற்ற மதத்தாரும் வருகிறார்கள். எந்தச் சீமையில் அவருக்குத் தலை போயிற்றோ, அந்தச் சீமை மக்களே அவரைத் தங்கள் சாமி என்று கும்பிடுகிறார்கள். அருளானந்தம், அருளானந்து, பிரிட்டோ என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். தேவகோட்டையில் அவர் பெயரில் பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது.

கிழவன் சேதுபதி 1710ஆம் ஆண்டு வரை ஆண்டார். அவர் கட்டிய கோட்டையை இன்றும் மக்கள் நினைக்கிறார்கள். அவருடைய வீரத்தையும் நினைக்கிறார்கள். அவர் ஆணையால் மாண்ட சாமியாரையும் மறக்கவில்லை.

சேதுபதி கேட்டது ஒன்றுதான். இந்த நாட்டில் பேசாதே, உயிரோடு போ என்றார். அருளானந்தர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். லிஸ்பன் வரை போனார். யோசிக்க அவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. யோசித்து, திரும்பி வந்தார்.